முன் சீற்றைக் கழற்றும் பிள்ளைகளுக்கு



நம்ம லயத்துப் பிள்ளைகள் சிலர் வத்தளைப் பக்கம் கராஜில் வேலை பழகுகிறார்கள். லீவில் வரும்போது இதைச் சொல்லி வையுங்கள்.

காரின் முன் சீற்றைக் கழற்றுவதானால், முதலில் சீற்றை முன்னே பின்னே தள்ளி நாலு போல்ட்டும் எங்கே என்று பார்க்கணும். பிறகு சாவியை நிறுத்தி, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சில நிமிடம் பொறுக்கணும். சீற்றுக்கு அடியில் உள்ள மஞ்சள் வயர் எயார்பேக்குக்கு உரியது. அதை இழுக்கக் கூடாது.

திரும்பப் பூட்டும்போது வயர்களை மாட்டி, நாலு போல்ட்டையும் கையால் ஏற்றி, கம்பனி சொன்ன அளவுக்கு முறுக்கணும். பற்றரி வயர் கடைசியில்தான்.

2011 முதல் முன் சீற்றில் பெல்ட் கட்டாயம். அதன் கொளுக்கி பெரும்பாலும் சீற்றோடுதான் இருக்கிறது. போல்ட் தளர்ந்தால் பெல்ட் போட்டும் பயனில்லை. சீற்றை ஆட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்காதே என்று சொல்லுங்கள்.