இலை கொட்டின கறிவேப்பிலை

நேயர்களே, குளிர்காலத்தில் வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பற்றிப் பேசச் சொல்லி இருக்கிறார்கள். கிடைத்திருக்கும் நேரமோ கொஞ்சம். மணிபிளான்ற், கற்றாழை எல்லாம் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். தண்ணீரை மட்டும் குறையுங்கள், போதும். நான் கறிவேப்பிலைக்கு வருகிறேன். ரொறொன்ரோவில் நம்மவர் வீட்டு யன்னலோரத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

நான் வேலை செய்யும் நாற்றுப்பண்ணைக்கு ஜனவரி பிறந்துவிட்டால் ஆட்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். திறந்து காட்டினால் ஒரு மொட்டைக் குச்சியின் படம். “தம்பி, நல்லாத்தான் தண்ணி ஊத்தினனான். எல்லா இலையும் கொட்டிப்போச்சு. செத்துப்போச்சோ?” என்று கேட்பார்கள்.

வீட்டுக்குப் போய் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள் என்பேன். மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் இருக்கும். அதை லேசாக நீக்கியதும் அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து கிடந்தால் அந்த இடம் முடிந்தது. அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள், இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். நுனி காய்ந்து அடி பச்சையாக இருக்கும் செடிகள் எத்தனையோ! ஸ்காபரோ மாமி ஒருவர் பழையதைக் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுப் புதுச் செடி கேட்டு வந்தார். சுரண்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போய்ப் பையை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார், அடித்தண்டு பச்சை. இப்போது அவர் வீட்டில் இரண்டு செடி. புதியதையும் விடாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே!

ஏன் இப்படிக் கொட்டுகிறது? கறிவேப்பிலை வெயில் நாட்டுச் செடி; எலுமிச்சை, தோடை இவற்றின் குடும்பம். டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலம். இங்கே 9 மணித்தியாலம்கூட இல்லை. அதுவும் சாய்ந்து விழும் வெயில். இருக்கிற வெளிச்சத்தில் அத்தனை இலையையும் வைத்திருக்கச் செடிக்குக் கட்டுப்படியாகாது. உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கிறது.

இலை போனால் தண்ணீர்த் தேவையும் குறைந்துவிடும். நாங்களோ பாவம் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். எங்கள் பண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வரும் செத்த செடிகளைச் சாடியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வேர் கறுத்து, கூழாகி, நாறும். ஆகவே விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பெப்ரவரி முடியும்வரை பசளை வேண்டாம். பழக்கத்தில் தேநீர்ச் சாயத்தை ஊற்றுகிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!

இடையில் ஒரு செய்தி. கறிவேப்பிலையின் தாவரப் பெயரில் ‘கோனிகி’ என்று வருகிறதே, அது தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வைத்தியராக இருந்த கோனிக் என்பவரின் பெயர். லின்னேயசிடம் படித்தவர். நம் தாளிதத்தில் அவரும் பொரிகிறார்.

சரி, எங்கே வைப்பது? தெற்குப் பார்த்த யன்னல். வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள். அந்த உலர்ந்த காற்று சிலந்திப்பேனுக்கு நல்ல வசதி. கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி அது. இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையக் கழுவுங்கள், கிழமைக்கு ஒருதரம். இலையில் பிசுபிசுப்பு இருந்தால் செதில் பூச்சியாக இருக்கலாம். தண்டில் பழுப்பு மொட்டு மாதிரி ஒட்டியிருக்கும், நகத்தால் கிள்ளி எடுக்கலாம். யன்னல் வசதி இல்லாதவர்கள் எல்ஈடி விளக்கு ஒன்றை நாளுக்கு 12 மணித்தியாலம் போட்டுவிடுங்கள்.

தயாரிப்பாளர் கை காட்டுகிறார், முடிக்கிறேன். மார்ச்சில் துளிர் கண்டதும் காய்ந்ததை வெட்டுங்கள், சாடி மாற்றுங்கள், பசளையைத் தொடங்குங்கள். ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் எறித்தவுடன் வெளியே தூக்கி வைக்காதீர்கள். மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வரை பொறுங்கள். அதுவரை இரவில் உறைபனி விழக்கூடும். வெளியே வைத்தாலும் முதல் ஒரு கிழமை நிழலில்தான். வரும் கோடையில் கடைக் கறிவேப்பிலைக்கு நீங்கள் காசு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.