தம் மக்கள் படிக்கவியலாத பாவலர்



பிறமொழியிற் பாடிப் பெரும்புகழ் எய்திய பாவலர் ஒருவரின் வாழ்வை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன். அவர் நம்மவர் அல்லர். ஐரோப்பாவின் வடபுலத்துத் தென்மார்க்கு நாட்டினர்.

1526-ஆம் ஆண்டு, யூத்துலாந்துப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், எளிய உழவர் குடியில் அவர் பிறந்தார். இராசுமுசு கிளாது என்பது பெயர். கிளாது என்றால் அந்நாட்டுத் தேனிசு மொழியில் மகிழ்ந்தவன் என்று பொருள். கற்றோர் தம் பெயரை இலத்தீனாக மாற்றிக்கொள்வது அக்கால வழக்கம். அவரும் அதே பொருள் தரும் இலத்தீன் சொல்லை ஏற்று, எராசுமுசு இலேத்தசு ஆனார். மகிழ்ச்சி மாறவில்லை, மொழிதான் மாறிற்று!

அவரை நாம் இகழ்வதற்கில்லை. பல்கலைக்கழகம் இலத்தீனிலேயே இயங்கிய காலம் அது. உழவர் மகன் ஒருவன் மேலேறுதற்கு அஃதொன்றே ஏணி. அவ்வேணியில் அவர் விரைந்து ஏறினார். 1560-இல் அவர்தம் ஆயர் பாடல்கள் செருமானிய அறிஞர் மெலாங்தனின் அணிந்துரையோடு வெளிவந்தன. கோப்பனேகன் பல்கலைக்கழகத்தில் இறையியற் பேராசிரியரானார். 1569-இல் மன்னர் இரண்டாம் பிரெடரிக்கு அவரை உயர்குடியினராக உயர்த்தினார்.

பின்னர் இத்தாலி வரை சென்றார். 1573, 1574 ஆகிய ஈராண்டுகளில் அவர்தம் பெருநூல்கள் அடுத்தடுத்து அச்சேறின. கடற்செலவு பற்றிய நூலை வெனிசுக் குடியரசுக்குப் படைத்தார். அரசி மார்கரேத்தின் வெற்றியைப் பாடிய நூலை இங்கிலாந்து அரசி எலிசபெத்துக்குப் படைத்தார். 1574-இல் தம் நாட்டு வரலாற்றையே நெடுஞ்செய்யுளாக வெளியிட்டார். நாட்டுப்பற்றில் அவர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். ஆனால், அப்பற்றை அவர் யாரிடம் எடுத்துரைத்தார்? வெனிசின் கற்றோர் படித்தனர். யூத்துலாந்தின் உழவர் படிக்கவில்லை. அவரைப் பெற்ற ஊர் அவர் பாட்டைக் கேட்கவில்லை.

தேனிசு மொழியில் அன்று எழுத இயலாதோ எனின், இயலும். 1550-இலேயே கிறித்தவத் திருமறை முழுவதும் அம்மொழியில் அச்சாகிவிட்டது. இலேத்தசின் வரலாற்றுச் செய்யுள் வெளிவந்த மறு ஆண்டே, 1575-இல், ஆண்டர்சு வேதல் என்பார் மற்றொரு பணியை முடித்தார். சாக்சோ என்னும் பழம்புலவர் 1200-ஐ ஒட்டிய காலத்தில் இலத்தீனில் எழுதிவைத்த நாட்டு வரலாற்றைத் தேனிசில் பெயர்த்துத் தந்தார். 1591-இல் மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கதைப்பாடல்கள் நூற்றினைத் தொகுத்து அச்சிட்டார். பின்வந்த பேதர் சூவு என்னும் அறிஞர் 1663-இல் தாய்மொழியின் வளத்தை நிலைநாட்டி நூல் எழுதினார். 1695-இல் வேதலின் தொகுப்பைப் பெருக்கி மீண்டும் பதிப்பித்தார். ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றொருவர் எண்ணெய் வார்த்தார்.

இலேத்தசின் விளக்கு என்னாயிற்று? 1577-இல் இளவரசர் கிறித்தியனின் பிறப்பையும் திருமுழுக்கு விழாவையும் அவர் இலத்தீன் உரைநடையில் விரித்தெழுதினார். அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1992-இல்தான் அறிஞர் இருவர் அதனைத் தேனிசு பெயர்ப்போடு பதிப்பித்தனர். தென்மார்க்கு மன்னரின் பிறப்பைப் பற்றித் தென்மார்க்குப் பாவலர் எழுதியதைத் தென்மார்க்கு மக்கள் படிக்க 415 ஆண்டுகளும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டியிருந்தன!

அக்குழந்தையை நாமும் அறிவோம். நான்காம் கிறித்தியன் என அரசாண்டவர் அவரே. 1620-இல் அவர் விடுத்த கப்பல்களே நம் தரங்கம்பாடிக்கு வந்தன.

இலேத்தசு 1582-இல் மறைந்தார். அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். உழைப்பிற் சளைத்தவரும் அல்லர். உலகோர் கேட்கவேண்டும் என்று பாடினார். உலகத்துக் கற்றோர் சிலகாலம் கேட்டனர். பிறகு அவ்வுலகமே இலத்தீனை விட்டுத் தத்தம் தாய்மொழிக்குத் திரும்பிற்று. ஊரார் வாய்ப்பாடலைத் தொகுத்த வேதலோ ஊரார் வாயிலேயே வாழ்ந்தார்.

பிறமொழி கற்க வேண்டா என்று நான் கூறவில்லை. கற்றதைக் கொண்டுவந்து தாய்மடியிற் சேர்க்க வேண்டும் என்கின்றேன். வேதலும் இலத்தீன் கற்றவரே. அவர் அதனைத் தம் மக்களுக்குக் கொண்டுவந்தார். இலேத்தசு தம் மக்களின் வரலாற்றை அதனுள் கொண்டுபோய் வைத்தார். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுகோல் ஏந்தும் இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக!