சிறு கல்லூரிகளின் உதைபந்தாட்டப் பருவம்



ஐக்கிய அமெரிக்காவிலே ஓகஸ்ற் மாதத்தின் நடுப்பகுதியில், சிற்றூர்களில் அமைந்துள்ள கல்லூரிகளில் வகுப்புகள் இன்னும் ஆரம்பமாகியிரா. விடுதிகள் வெறுமையாய்க் கிடக்கும், நூல்நிலையங்கள் பூட்டியிருக்கும். எனினும், மைதானங்களில் மட்டும் அதிகாலையிலேயே ஆரவாரம் கேட்கும். இருபத்தைந்து முப்பது இளைஞர்கள் கடும் வெயிலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். முதலாவது போட்டி செப்ரெம்பர் ஆரம்பத்தில் வந்துவிடும். இடையில் உள்ளவை இரண்டு அல்லது மூன்று வாரங்களே. அதற்குள் அணி ஒன்று உருவாக வேண்டும். இவ்விதம் ஆயத்தமாகும் சிறு கல்லூரிகளின் ஆண்கள் உதைபந்தாட்டப் பருவத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம் அவசியமாகின்றது. அமெரிக்கர் 'புட்போல்' என்று சொல்லும்பொழுது, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடும் தங்கள் சொந்த ஆட்டத்தையே கருதுவர். உலகம் முழுவதும் உதைபந்தாட்டம் எனப் போற்றும் ஆட்டம் அவர்களுக்குச் 'சொக்கர்' ஆகும். கல்லூரிகளுக்கிடையில் நடைபெறும் இவ்வாட்டத்தைத் தேசியக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் மூன்று பிரிவுகளாக வகுத்து நடத்துகிறது. முதற்பிரிவிலே பெருந்தொகையான பணமும் தொலைக்காட்சியும் புகழும் உண்டு. நாம் பேச எடுத்துக்கொண்டது மூன்றாம் பிரிவு. இது 1973 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. இன்று அங்கத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கையை நோக்கின் மூன்றினுள்ளும் இதுவே பெரியது. இப்பிரிவில் ஆண்கள் உதைபந்தாட்ட அணிகள் மட்டும் 400 இற்கும் மேற்பட்டவை.

இப்பிரிவின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. விளையாட்டுத் திறமைக்காக எந்த மாணவனுக்கும் புலமைப்பரிசில் வழங்கலாகாது. குடும்பத்தின் வருவாயைக் கருதியோ, கல்வித் தகைமையைக் கருதியோ உதவி வழங்கலாம்; காலின் வலிமையைக் கருதி ஒரு சதமும் வழங்க முடியாது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள பல கல்லூரிகளில் ஓராண்டுச் செலவு 80,000 டொலருக்கு மேற்பட்டது என்பதை மனத்திற் கொண்டால், இவ்விதியின் கனம் நன்கு விளங்கும். பரிசிலும் இல்லை, பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகும் வாய்ப்பும் மிகக் குறைவு. அவ்வாறிருந்தும் மாலைதோறும் இவர்கள் மைதானத்துக்கு வருகிறார்கள். இப்பருவத்தைக் கவனிக்கத் தகுந்ததாக்குவது முதலில் இதுவே.

இவ்வாட்டத்திற்கும் சிறு கல்லூரிகளுக்குமுள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. 1905 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹவர்போட் என்னும் சிறிய கல்லூரி, பெரும் புகழ்வாய்ந்த ஹாவாட் சர்வகலாசாலையை ஒரு கோலினால் தோற்கடித்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே இவ்வாட்டம் நவீன முறையில் நடந்த முதற் சந்தர்ப்பமாக அது கருதப்படுகிறது. அமெரிக்காவிலே கிரிக்கெற் ஆட்டத்தை இன்றும் கைவிடாது பேணிவரும் கல்லூரியும் அதே ஹவர்போட்தான் என்பதை அறிந்தால் நேயர்கள் மகிழ்வீர்கள்.

மூன்றாம் பிரிவின் தேசியச் சுற்றுப்போட்டி 1974 இல் ஆரம்பமாயிற்று. முதலாண்டுக் கிண்ணத்தை நியூயோர்க் மாநிலத்துப் புறொக்போட் கல்லூரி பெற்றது. பின்னர் 1980 களில் வடகரோலினாவின் கிறீன்ஸ்பரோ ஐந்து முறை வென்று, முதற்பிரிவுக்கு உயர்ந்து சென்றது. 2000 ஆம் ஆண்டின் பின்னர் வந்த காலத்தை மெசையாவின் காலமென்றே கூறலாம். பென்சில்வேனியாவின் கிறாந்தம் என்னும் இடத்திலுள்ள இக்கிறிஸ்தவக் கல்லூரி, 2000 முதல் 2017 வரையில் பதினொரு முறை தேசிய வீரப்பட்டத்தை வென்றது. பந்தை நிலத்திலே வைத்துக் குறுகிய தூரத்துக்குக் கைமாற்றுவது போலக் கால்மாற்றி, எதிரணியை ஓடவிட்டுக் களைக்கச் செய்வது இவர்களின் ஆட்டமுறை. இக்கல்லூரி 2020 இல் சர்வகலாசாலை என்னும் பெயரைப் பெற்றது. ஆனால் 2017 இன் பின்னர் 2024 வரை கிண்ணம் அவர்களிடம் திரும்பவில்லை.

இனி, பருவத்தின் அமைப்பை நோக்குவோம். செப்ரெம்பர் முதல் ஒக்ரோபர் முடியும்வரை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போட்டிகள் நடைபெறும். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கூட்டிணைப்பைச் சேர்ந்ததாயிருக்கும். பிரதேசத்தினாலும் கல்வித் தரத்தினாலும் ஒத்த கல்லூரிகள் சேர்ந்து அமைப்பதே கூட்டிணைப்பு. நவெம்பர் ஆரம்பத்தில் கூட்டிணைப்புகளின் வெற்றியாளர் தெரிவாவர். அதன்பின் 64 அணிகள் கொண்ட தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கும். தோற்றவர் அன்றே வீடு திரும்ப வேண்டும். ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றவருக்கே டிசெம்பர் ஆரம்பத்தில் கிண்ணம் கிட்டும்.

கூட்டிணைப்பில் வென்றவருக்குச் சுற்றுப்போட்டியில் இடம் தானாகவே உண்டு. எஞ்சிய சில இடங்களை நிரப்புவதில்தான் நீண்டகாலமாக வாதப் பிரதிவாதங்கள் இருந்தன. முன்னர் குழுவினர் கூடி ஆராய்ந்து தீர்மானிப்பார்கள். 2024 பருவம் முதல் அதற்கு ஒரு கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. வெற்றி தோல்விகள், எதிரணிகளின் பலம், சொந்த மைதானத்தில் ஆடியதா வெளியிடத்தில் ஆடியதா என்பது ஆகியவற்றைச் சேர்த்து ஒவ்வோரணிக்கும் ஓர் எண் கணிக்கப்படும். பலமிக்க அணியை வென்றால் மேலதிகப் புள்ளியும் உண்டு. இதன் விளைவை இனிவரும் பருவங்களில் தெளிவாகக் காணலாம். பலவீனமான அணிகளைத் தேடிப்பிடித்து வெற்றிகளைக் குவிப்பது இனிப் பயன்தராது. செப்ரெம்பரில், அணி இன்னும் பக்குவப்படாத வேளையிலேயே, பலசாலிகளை எதிர்கொள்ளும் துணிவு பயிற்றுநர்களுக்கு வேண்டும். ஆகவே நேயர்கள் பெறுபேறுகளை வாசிக்கும்பொழுது, எத்தனை வெற்றி என்பதோடு யாரை வென்றார்கள் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஆட்ட விதியிலும் 2022 இல் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதற்கு முன்னர், தொண்ணூறு நிமிடம் முடிந்தும் சமநிலை நீடித்தால் மேலதிக நேரம் கொடுத்து, முதற்கோல் விழுந்தவுடன் ஆட்டத்தை முடிப்பார்கள். இப்பொழுது பருவகாலச் சாதாரண ஆட்டங்களில் மேலதிக நேரமே கிடையாது. சமநிலை சமநிலையாகவே பதியப்படும். சுற்றுப்போட்டிகளில் மட்டும் பத்து நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள் முழுமையாக ஆடப்படும். அப்பொழுதும் தீராவிடின் தண்டனை உதைகள் தீர்மானிக்கும். இதனால் வீரர்களின் களைப்புக் குறைகிறது. ஆயினும் கடைசிப் பத்து நிமிடங்களில் ஒரு கோல் வேண்டித் துணிந்து முன்னேறுவதா, கிடைத்த சமநிலையைக் காப்பதா என்ற சங்கடமான கேள்விக்கு ஒவ்வோர் அணியும் விடை காண வேண்டியுள்ளது.

எந்த அணிகளைக் கவனிக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். ஐயமின்றி முதலிற் கூறவேண்டியது நியூ இங்கிலாந்துச் சிறு கல்லூரிகளின் கூட்டிணைப்பு. 1971 இல் அமைந்த இதில் பதினொரு கல்லூரிகள் உள. அவற்றுள் வில்லியம்ஸ் 1995 இலும், மிடில்பெரி 2007 இலும் தேசியக் கிண்ணத்தை வென்றன. ரவ்ற்ஸ் 2014, 2016, 2018, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றது. தமக்குள் ஒருவரையொருவர் ஒரு முறை மட்டுமே சந்திக்கும் இவ்வணிகளுக்கு, பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட இலேசானதன்று. ஒக்ரோபர் மாதத்தில் இவர்களிடையே நடக்கும் போட்டிகளே தேசியச் சுற்றுப்போட்டியின் முன்னோடி எனலாம்.

இக்கூட்டிணைப்பைச் சேர்ந்த அமேர்ஸ்ற் கல்லூரியின் கதை பொறுமைக்கு ஓர் உதாரணம். சுமார் 1,900 மாணவர்களே கொண்ட இக்கல்லூரி 2015 இல் முதன்முறை கிண்ணத்தை வென்றது. பின்னர் 2019 இல் இறுதியாட்டத்தில் ரவ்ற்ஸ் அணியிடம் தோற்றது. 2020 இல் கொள்ளைநோய் காரணமாகப் போட்டியே நடைபெறவில்லை. 2021 இல் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து தண்டனை உதைகளில் தோற்றது. 2023 இல் மூன்றாம் முறையும் தோற்றது. ஒரு மாணவனுக்குக் கல்லூரியில் நான்கு பருவங்களே உண்டு. ஆதலால், இத்தோல்விகளைச் சுமந்தவர்களுட் பலர் கிண்ணத்தைத் தொடாமலே பட்டம் பெற்றுப் போயினர். அவர்களுக்குப்பின் வந்தவர்கள் 2024 இல் வென்றார்கள். அமேர்ஸ்ற் அணியின் ஆட்டமுறை மெசையாவின் முறைக்கு நேர்மாறானது. பந்தை விரைவாக முன்னனுப்பி, எல்லைக்கோட்டிலிருந்து நீளமாக எறிந்து, எதிரணியின் கோல் வாயிலில் நெருக்கடியை உண்டாக்குவர். எது சிறந்தமுறை என்ற தர்க்கம் இரு சாராருடைய ஆதரவாளர்க்கும் ஆண்டுதோறும் போதிய வேலை கொடுத்து வருகிறது.

2021 இல் அமேர்ஸ்ற் அணியைத் தண்டனை உதைகளில் வென்றது கனெக்ரிகட் கல்லூரி. 1911 இல் பெண்களின் உயர்கல்விக்கென நிறுவப்பட்ட கல்லூரி அது; ஆண் மாணவர்களை அது ஏற்றுக்கொண்டது 1969 இலேதான். ஐம்பது ஆண்டுகள் கடந்ததும் அதன் ஆண்கள் அணி தேசிய வீரப்பட்டம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. சிக்காகோ சர்வகலாசாலையின் ஆண்கள் அணிக்குப் பயிற்றுநராக ஜூலியான் சிற்ச் என்னும் பெண்மணி பொறுப்பேற்று, முதற்பருவத்திலேயே ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்காமல், இறுதியில் வில்லியம்ஸ் அணியை இரண்டு கோல்களால் வென்றார். ஆண்கள் உதைபந்தாட்டத்தில் ஒரு பெண் பயிற்றுநரின் கீழ் இச்சங்கத்தின் கிண்ணம் வெல்லப்பட்டது அதுவே முதல்முறை.

கிழக்குக் கரையை மட்டும் நோக்கினால் ஏமாந்துபோவோம். 2023 இல் கிண்ணத்தைக் கொண்டுசென்றது, குளிர் மிகுந்த மினசோற்றா மாநிலத்தின் நோத்பீல்ட் நகரத்துச் சென் ஓலாவ் கல்லூரி. ஒகையோ வெஸ்லியன் 1998 இலும் 2011 இலும் வென்ற அணி. அதனை நெடுங்காலம் பயிற்றுவித்த ஜே மாட்டின் 700 இற்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர். தெற்கே 2003 இல் வென்ற ரெக்சாஸ் ரிறினிற்றியும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும், முன்கூட்டியே வெற்றியாளரை உரைப்பது இப்பிரிவில் கடினமான காரியம். ஒவ்வோராண்டும் அணியின் ஏறக்குறைய காற்பங்கினர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். மிகச் சிறந்தவர் சிலர் பட்டப்பின் படிப்புக்காகப் பெரிய சர்வகலாசாலைகளுக்குச் சென்று, எஞ்சிய ஆட்டவுரிமையை அங்கே பயன்படுத்துகின்றனர். மறுபுறத்தில், 2025 இல் அங்கீகரிக்கப்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையின்படி, அதனை ஏற்றுக்கொண்ட முதற்பிரிவுக் கல்லூரிகளின் ஆண்கள் உதைபந்தாட்ட அணியில் 28 பேருக்குமேல் இருத்தல் இயலாது. அங்கே இடமிழப்போருள் சிலர் சிறு கல்லூரிகளை நாடி வரக்கூடும். எனவே சென்ற ஆண்டின் பட்டியலை மட்டும் பார்த்து எதிர்வு கூறுவது பொருந்தாது. நடுக்களத்தில் அனுபவசாலிகள் எத்தனைபேர் எஞ்சியுள்ளனர், கோல் காவலர் பழையவரா புதியவரா என்னும் இரண்டையும் விசாரித்தறிவதே நல்ல வழியாகும்.

நேயர்களே, இப்பருவத்தில் கிண்ணத்திலும் பெரிய விடயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக்கு வரும் வயதினரின் தொகை பல பகுதிகளிற் குறைந்து வருகிறது. பெரிய நிதியில்லாத சிறு கல்லூரிகள் இதனாற் பெரிதும் வாடுகின்றன. நியூயோர்க் மாநிலத்துக் கசனோவியா கல்லூரி 2023 இல் மூடப்பட்டது. அதே மாநிலத்து வெல்ஸ் கல்லூரியும், பென்சில்வேனியாவின் கப்றினி சர்வகலாசாலையும் 2024 இல் மூடப்பட்டன. மூன்றும் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. கல்லூரி மூடப்படும்பொழுது அணியும் மறைகிறது. எஞ்சிய பருவங்களை ஆட விரும்பிய மாணவன் வேறு மைதானத்தைத் தேடிப் போகிறான்.

இந்நிலையில் பல சிறு கல்லூரிகள், விளையாட்டு அணியையே மாணவரைச் சேர்க்கும் வாயிலாகக் கொண்டுள்ளன. உதைபந்தாட்டம் ஆட இடமுண்டு என்பதனால் முப்பது நாற்பது இளைஞர்கள் ஒரு கல்லூரியைத் தெரிவுசெய்து கட்டணம் செலுத்தினால், அது அக்கல்லூரிக்குப் பேருதவியாகும். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அணிக்கு நாற்பது பேரைச் சேர்த்துவிட்டுப் பதினெட்டுப் பேரை மட்டும் களத்தில் இறக்கினால், மற்றையோர் எவ்வளவு காலம் பொறுத்திருப்பர்? அவர்களுக்கு நல்ல பயிற்சியும், இரண்டாம் அணிக்கு ஆட்டங்களும், எல்லாவற்றிலும் மேலாக நல்ல கல்வியும் கொடுக்கும் கல்லூரியே நிலைக்கும். அவ்வாறு கொடாத கல்லூரி, பெயர்ப் பட்டியலை நிரப்பியும் வகுப்பறையை நிரப்ப முடியாமற் போகும். பயிற்றுநரின் பொறுப்பு இதனால் இரட்டிப்பாகின்றது. போட்டியை வெல்வதோடு, முதலாண்டில் வந்தவனை நாலாம் ஆண்டுவரை கல்லூரியில் நிற்கச் செய்வதும் அவருடைய கடமையாகிவிட்டது.

ஆகவே வரும் பருவத்தைக் கவனிக்க எண்ணும் நேயர்களுக்கு மூன்று விடயங்களைக் கூறி முடிக்கிறேன். செப்ரெம்பரில், பலமிக்க அணிகளைத் தேடிச்சென்று ஆடுவோர் யாவர் என்று பாருங்கள். ஒக்ரோபரில், நியூ இங்கிலாந்துக் கூட்டிணைப்பிற் காயமின்றித் தப்பி எழுவோர் யாவர் என்று பாருங்கள். நவெம்பரின் நடுப்பகுதியில் அறுபத்துநான்கு அணிகளின் பட்டியல் வெளியாகும்பொழுது, முன்னர் கேள்விப்பட்டிராத ஒரு சிறு கல்லூரியின் பெயரை அதிலே தேடுங்கள். தன் கூட்டிணைப்பை வென்று முதன்முறையாக வந்த அத்தகைய அணி முதலாம் சுற்றிலேயே தோற்றுத் திரும்பலாம். ஆனாலும் அவ்வாண்டு அந்த ஊரிலே பல நாட்களுக்கு வேறு பேச்சு இராது. பேருந்திலே பலமணி நேரம் பயணஞ்செய்து நள்ளிரவில் விடுதிக்குத் திரும்பும் அவ்விளைஞர்கள், மறுநாட் காலை எட்டு மணி வகுப்பில் ஏனைய மாணவர்களுடன் அமர்ந்திருப்பார்கள்.