பல்கலைக்கழக ஆய்வுகூடமும் வெளியார் வேலையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்து ஆய்வுகூடம் பணம் பெற்று வெளியாருக்குப் பரிசோதனை செய்யலாமா, மருந்தும் இரசாயனமும் ஆக்கி விற்கலாமா? கல்விக்கூடம் கடையாகிவிடும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். விலையுயர்ந்த கருவிகள் கண்ணாடி அலுமாரிக்குள் உறங்குகின்றனவே என்று நோவோர் மறுபுறம். இரு சாராரும் கனடா தேசத்துத் தொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் கதையைக் கேட்டல் நன்று.

1913ஆம் ஆண்டின் இறுதியில் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் வைத்தியர் அந்நகரத்துக் குதிரைலாயமொன்றிலே குதிரைகளைக் கட்டிவைத்து, அவற்றின் இரத்தத்திலிருந்து தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்றுமருந்து எடுக்கத் தொடங்கினார். பிறநாட்டிலிருந்து வந்த மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. மறு ஆண்டே பல்கலைக்கழகம் அவ்வேலையைத் தனதாக ஏற்றது. 1917இல் அது கொணோட் ஆய்வுகூடம் எனப் பெயர் பெற்றது.

பின்னர் வந்தது இன்சுலின். 1922 ஜனவரி 11ஆந் திகதி பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு ஏற்றிய முதற் சாறு அழுக்குடையது; பயன் சிறிது. கொலிப் என்பார் தூய்மைப்படுத்திய சாறு 23ஆந் திகதி அச்சிறுவனைத் தேற்றியது. ஆனால் பெருமளவில் ஆக்க முற்பட்டபோது மருந்து கைகூடவில்லை. ஆக்கியவர்களே செய்முறையை இழந்து வாரக்கணக்காகத் தவித்தனர். குடுவையில் செய்வது வேறு, அண்டாவில் செய்வது வேறு என்பதை நம் வீட்டுச் சமையற்காரரும் அறிவர்!

பன்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் தம் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். பல்கலைக்கழகமோ மருந்துக் கொம்பனிகளுக்கு அனுமதி வழங்கி, ஆக்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி அனுப்பிச் சோதிப்பிக்க வேண்டும் என்று விதித்தது. மாட்டினதும் பன்றியினதும் கணையத்திலிருந்து எடுத்த சரக்கு அது. தொகுதிக்குத் தொகுதி வலிமை மாறும். குறைந்தால் நோய் தீராது. கூடினால் உயிர் போகும். 1941 டிசம்பரில் காப்புரிமை முடிவுற இருந்தபோது, அமெரிக்கக் கொங்கிரஸ் அவசரமாகச் சட்டமியற்றிச் சோதனைப் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அதுவரை அரசாங்கத்துக்குரிய காவலை ஒரு பல்கலைக்கழகக் குழுவே செய்துவந்தது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. மருந்து ஆக்கிய பல்கலைக்கழகமே பிறர் மருந்தையும் நிறுத்துப் பார்த்தது. தராசும் சரக்கும் ஒரே கையில் இருப்பது எனக்கு உவப்பன்று. அங்கே அது கெடாமல் நடந்தது பாராட்டத்தக்கதே. கொணோட்டை 1972இல் கனடா அரசின் முதலீட்டுக் கூட்டுத்தாபனத்துக்கு விற்றார்கள்; பின்னர் அது தனியார் கைக்கு மாறியது.

இனி நம் கிணற்றடிக்கு வருவோம். வலிகாமத்தின் சுண்ணக்கல் நீரைத் தேக்கும்; ஆனால் வடிகட்டாது. தோட்டத்தில் அளவுமீறி இட்ட யூரியா நைத்திரேற்றாகிக் கிணற்றில் இறங்குகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மீறினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நிகழ்ந்ததையும் மறந்துவிடாதீர்கள். ஓர் அறிக்கை மாசு உண்டென்றது. மற்றோர் அறிக்கை இல்லையென்றது. எதை நம்பிப் பிள்ளைக்கு நீர் கொடுப்பது என்றறியாது தாய்மார் கலங்கினர். 2019 ஏப்ரலிலேதான் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிலையக் கழிவினால் நிலத்தடி நீர் மாசுற்றதை ஏற்று, 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது.

ஆகவே ஆய்வுகூடம் வெளியார் வேலையை ஏற்கட்டும் என்பேன். கொம்பனியிடம் முழுக் கட்டணம் வாங்கட்டும். குடிநீர்க் கிணற்றுக்குச் சதமும் வாங்கலாகாது. பணங் கொடுத்தவர் முடிவைப் பூட்டிவைக்க உரிமை கோரலாகாது. பொது நீர் பற்றிய முடிவு பொதுமக்களுக்கு உரியது. மாணவரைச் சம்பளமில்லாக் கூலியாளாக்குவதும் தகாது. மருந்து ஆக்குவது பிறகு பார்க்கலாம். முதலில் பாடசாலைகளுக்கு வேண்டிய வடித்த நீரும் அளவறிந்த கரைசல்களும் ஆக்கிக் கொடுத்தாற் போதும்.

கமக்கார நண்பர்களே, நீர் மாதிரி கொண்டுசெல்லும்போது எண்ணெய்ப் போத்தலை எடுக்காதீர்கள். சுத்தமான போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மும்முறை அலசி நிரப்பி, கிணற்றின் இடமும் திகதியும் கடைசியாக உரமிட்ட நாளும் எழுதி ஒட்டி, வெயில் படாமல் அன்றே ஒப்படையுங்கள்.