சந்தேகம் மட்டும் போதுமா?



"எதையும் ஆராயாமல் நம்பாதீர்கள்" என்று நாம் ஊர் ஊராய்ச் சொல்லி வருகிறோம். அது சரியே. ஆனால், அம்மட்டோடு நம் வேலை தீர்ந்துவிட்டதாய்க் கருதுவோமானால் அது பெரிய ஏமாற்றமாய் முடியும். உதாரணம் ஒன்று சொல்லுகிறோம்.

1903-ம் வருஷம் ருஷியப் பத்திரிகையொன்றில், யூதப் பெரியோர்கள் இரகசியமாய்க் கூடி உலகத்தையே வசப்படுத்தத் திட்டம் போட்டதாக ஒரு நடவடிக்கைக் குறிப்பு வெளியாயிற்று. அது சுத்தப் புரட்டு. 1864-ல் மாரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைக் கண்டித்து எழுதிய புத்தகத்திலிருந்து திருடப்பட்டது என்று, 1921-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை இரண்டையும் ஒத்திட்டு ருஜுப்படுத்திற்று.

நம்பினவர்கள் விட்டார்களா? அதுதான் இல்லை. அதைப் பொய்யென்று ஒரு பத்திரிகை கதறுவதே அது மெய் என்பதற்கு நல்ல அத்தாட்சி என்று 1925-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஹிட்லர் எழுதினார். பிற்காலத்தில் அவருடைய பிரசார மந்திரியான கோயபல்ஸோ ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். குறிப்பு போலி என்றே தாம் நினைப்பதாகவும், ஆனாலும் அதன் உட்கருத்து உண்மையே என்றும் 1924-ல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்! படிப்பு இங்கே என்ன செய்தது? முன்னமே கொண்ட துவேஷத்துக்கு வக்கீலாய் நின்றது. அத்துவேஷத்துக்குச் சுமார் 60 லட்சம் யூதர்கள் பலியானார்கள்.

இப்படிப்பட்ட சதிக் கதை பரப்புகிறவனும் "நம்பாதே, யோசித்துப் பார்" என்றுதான் சொல்லுகிறான். சர்க்காரையும் பத்திரிகையையும் பண்டிதரையும் சந்தேகிப்பான். தன் கதையை மாத்திரம் சந்தேகிக்கமாட்டான். ஆதாரம் இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள் என்பான். எதிராய் ஆதாரம் காட்டினால் காட்டினவனும் சதியில் சேர்ந்தவன் என்பான். இவனுக்குத் தர்க்க சாஸ்திரம் கற்பித்தால் வாதம் கூர்மையாகுமேயொழிய, புத்தி தெளியாது.

அன்றியும், 1918-ல் யுத்தத்தில் தோற்று, 1923-ல் பணம் காகிதமாய்ப் போய்த் தவித்த ஜனங்களுக்கு, "உன் கஷ்டத்துக்குக் காரணம் இன்னான்" என்று காட்டும் கதை இனித்தது. வயிற்றெரிச்சலுக்கு மெய்யான காரணத்தையும் பரிகாரத்தையும் காட்டாமல் "பகுத்தறி" என்று மாத்திரம் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகையால், பிறர் நம்பிக்கையை ஆராயக் கற்பிக்கும் நாம், "எந்த ருஜு கிடைத்தால் என் எண்ணத்தை விடுவேன்?" என்று தன்னைத்தானே கேட்கவும் பழக்க வேண்டும். நமக்கு வேண்டாதவர்களைப்பற்றி ஒரு வதந்தி வந்து, அது நமக்குச் சந்தோஷமளிக்குமானால், அதைத்தான் முதலில் ஆராய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.