ஓடுபாதையை மூடவைத்த டிரோன்

லண்டன் அருகே உள்ள கேட்விக் விமான நிலையத்தின் ஓடுபாதை 2018 டிசம்பர் 19 இரவு மூடப்பட்டது. டிரோன் பறப்பதாக வந்த தகவலே காரணம். திறக்க முற்படும்போதெல்லாம் மறுபடியும் டிரோன் தென்பட்டதாகச் சொன்னார்கள். ஒற்றை ஓடுபாதையில் இயங்கும் நிலையம். கிறிஸ்துமஸ் நெரிசல் வேறு. சுமார் 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். ராணுவமும் வரவழைக்கப்பட்டது. குற்றவாளி யாரென்று தெரியாமலே 2019 செப்டம்பரில் போலீஸ் விசாரணையை முடித்துக்கொண்டது.

சுட்டு வீழ்த்தலாமே என்று தோன்றும். குறி தவறிய குண்டு யார் தலையில் விழும்? டிரோனின் அலைவரிசையை முடக்கினால் நிலையத்தின் சொந்தக் கருவிகளே தடுமாறக்கூடும். எனவே கண்டறிவதே முதல் வேலை. ரேடாருக்குச் சின்ன டிரோனும் பறவையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கேமராவும் ரேடியோ உணரியும் துணைக்கு வேண்டும். இயக்குபவர் கையிலுள்ள ரிமோட்டின் சமிக்ஞையைப் பிடித்து, அவர் நிற்கும் இடத்தையே ரேடியோ உணரியால் காட்ட முடியும்.

2019 மார்ச்சில் பிரிட்டன், நிலைய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டராக இருந்த டிரோன் தடைப் பகுதியைச் சுமார் 5 கிலோமீட்டராக விரித்தது. விவரமறியாமல் பறக்கவிடுவோரை இது தடுக்கும். வேண்டுமென்றே வருபவரைப் பிடிக்க உணரிகள்தான் வேண்டும்.