டியூஷன் காசும் பள்ளிக்கூடத்துப் பாடமும்



இன்று டியூஷன் பற்றிப் பேசுவோம். மேற்கு வங்காளத்தில் இருந்து தொடங்கலாம். அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்பது சோறு தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

பீர்பூம் மாவட்டத்தில் நெல் அறுக்கப் போகும் ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே கட்டணம் இல்லை. புத்தகம் இலவசம். மதியம் சாப்பாடும் உண்டு. ஆனாலும் மாதம் பிறந்தால் பையன் வந்து நிற்கிறான்.

"அம்மா, டியூஷன் சார் பணம் கேட்டாரும்மா."

ஒரு பிள்ளைக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு எவ்வளவு? 200ஐ 12ஆல் பெருக்குங்கள். 2,400 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு 4,800 ரூபாய். கூலி வேலை செய்கிறவர் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? அதனால் பையனை மட்டும் அனுப்புகிறார். பெண் பிள்ளை வீட்டில் பாத்திரம் தேய்க்கிறது. இது அந்த ஊர்க் கதை மட்டுமா? நம் தெருவிலும் பார்க்கிறோமே!

அந்தத் தாய் ஏன் டியூஷனுக்கு அனுப்புகிறார்? பிள்ளைக்கு வீட்டுப் பாடம் கொடுக்கிறார்கள். சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் எழுத்துத் தெரியாது. அனுப்பாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

1998ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் அந்தப் பணத்தைக் கொண்டு பிரதீச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் 2001-02இல் வங்காளத்தின் தொடக்கப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். 100 பிள்ளைகளில் 57 பேர் டியூஷனை நம்பி இருந்தார்கள். மறுபடியும் பார்த்து 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். அப்போது அது 64 ஆகி இருந்தது. எல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள்!

சென் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். வசதி உள்ளவர்கள் தம் பிள்ளைக்கு டியூஷன் வைத்துவிடுகிறார்கள். பிறகு பள்ளியில் பாடம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்று இருந்துவிடுகிறார்கள். பள்ளியைத் தட்டிக் கேட்கக் கூடியவர்களே அவர்கள்தான். அவர்கள் கேட்காவிட்டால் கூலிக்காரர் பிள்ளைக்காக யார் கேட்பது? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் பள்ளியிலேயே முடிய வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

2022இல் ஏசர் அமைப்பு நாடு முழுவதும் கிராமங்களில் கணக்கு எடுத்தது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் 100 பிள்ளைகளில் சுமார் 30 பேர் காசு கொடுத்து டியூஷன் படித்தார்கள். பீகாரிலும் வங்காளத்திலும் 70க்கு மேல்.

டியூஷன் சொல்லித்தரும் எல்லோரும் தப்பானவர்கள் இல்லை. படித்துவிட்டு வேலை கிடைக்காத இளைஞர் பலர் அதில்தான் வயிறு கழுவுகிறார்கள். நன்றாகவும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியரே, வகுப்பில் பாதி நடத்திவிட்டு மீதிக்கு மாலையில் வீட்டுக்கு வா என்றால்? அது நியாயமே இல்லை. சட்டமும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. பள்ளி ஆசிரியர் யாரும் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதன் 28ஆம் பிரிவு சொல்கிறது. 24ஆம் பிரிவு இன்னும் நல்லது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆசிரியர் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். இதற்கெல்லாம் தனிக் காசு கிடையாது.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. ராஜஸ்தானில் கோட்டா என்ற ஊருக்கு டாக்டர், இன்ஜினீயர் படிப்புக்குத் தயாராகப் பல மாநிலப் பிள்ளைகள் போகிறார்கள். பயிற்சி மையங்களுக்காக மத்திய அரசு 2024 ஜனவரியில் நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது. முழுப் பணம் கட்டியவர் நடுவில் நின்றால், மீதியை 10 நாளில் திருப்பித்தர வேண்டும். ஆகவே பணம் கட்டினால் ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

மீண்டும் அந்தத் தாயிடம் வருவோம். அவர் என்ன செய்யலாம்? அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் 4 பேருக்கு 3 பேர் பெற்றோர்தான். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்கலாம்: "என் பெண்ணுக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை. பள்ளியிலேயே எப்போது சொல்லித் தருவீர்கள்?"

பதில் இல்லையா? 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் மனு கொடுக்கலாம். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர், என்ன குறை என்பதை நாலு வரியில் எழுதினால் போதும். கீழே கையெழுத்துப் போடுங்கள். தேதி போட மறக்காதீர்கள். 3 மாதக் கணக்குக்கு அந்தத் தேதி வேண்டும். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.